முழங்கால் வலி உள்ளவர்களோடு சேர்வராயன் மலையில் நடக்க எளிய பாதைகள் எவை?

கண்ணங்குறிச்சி மாலதி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் கோயிலுக்குப் போயிருந்தோம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று கோடியக்கரை சரணாலயத்துக்கும் போனோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டு மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். ஆனால் அங்கே காலை முழுக்க எங்களோடு நடந்தார். தரை எல்லாம் சமம், மணல் கலந்த மண்பாதை. இரண்டு பக்கமும் பாலை மரங்கள் குட்டையாக, அடர்த்தியாக நின்றன. வெளிமான்கள் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கின்றன. சரணாலயத்திலேயே உயரமான இடம் என்று சொல்லும் இராமர் பாதமே ஒரு சின்ன மேடுதான். அதன் மேலே ஏறி நின்று அம்மா நாலு பக்கமும் பார்த்தார். மருந்துக்கடையும் கோயிலும் தவிர அவர் இவ்வளவு தூரம் எங்கேயும் நடந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

வரும் வழியில் அவர் கேட்டது இது: "நம்ம வீட்டு வாசல்ல மலை நிக்குது. அங்க ஒரு நாளாவது இப்படி நடந்திருக்கமா?"

நடந்ததில்லை. எங்களுக்கு ஏற்காடு என்றால் ஏரியில் படகு, லேடீஸ் சீட், சூடாகப் பஜ்ஜி, அப்புறம் இறங்கிவிடுவது. நடக்கிற இடம் என்று அதை நினைத்ததே இல்லை.

படிக்கட்டு இல்லாமல், ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, வயதானவர் நிதானமாக நடக்கக்கூடிய பாதை அங்கே உண்டா? கழிப்பறை வசதி, உட்கார இடம், காட்டு விலங்கு பயம், எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். கடற்கரைக் காடு மாதிரி சமமாக இருக்க வேண்டியதில்லை. முழங்கால் தாங்கினால் போதும்.

நாகலூர்க்காரன்

மாலதி அக்கா, நல்ல கேள்வி. பதில் உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு மலை முழுக்க ஏற்றமாகத்தான் தெரியும். சேர்வராயன் அப்படி இல்லை. செங்குத்தாக இருப்பது அதன் ஓரங்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் அந்த ஓரத்தை ஏறுவதற்காகவே போட்டவை. மேலே வந்துவிட்டால் பீடபூமி. மேடும் பள்ளமும் இருக்கும், ஆனால் மெல்லச் சரிந்து மெல்ல ஏறும். ஏற்ற வேலையை பஸ்ஸோ காரோ முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு நமக்கு மிஞ்சுவது நடை மட்டும்தான்.

இன்னொன்று. இங்கே காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அப்போதிலிருந்து தோட்டங்களுக்குள் வண்டிப்பாதைகள் போட்டுக்கொண்டே வந்தார்கள். மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி போக வேண்டுமென்றால் பாதை செங்குத்தாக இருக்கக் கூடாது, சரிவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வளைந்த பாதைகள்தான் இன்றைக்கு முழங்கால்காரர்களுக்கு வரம். வண்டி ஏறிய சரிவில் வயதான காலும் ஏறிவிடும்.

இடங்கள்:

உங்கள் அம்மாவுக்கு முதலில் நான் சொல்வது சேர்வராயன் கோயில் மேடு. 1,623 மீட்டர், இந்த மலையின் உச்சி. உச்சி என்றதும் பயப்பட வேண்டாம், கோயில் பக்கம் வரை வண்டி போகிறது. மேலே பரந்த சமவெளி. புல், சிவந்த மண், காற்று. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். உள்ளே போகக் குனிய வேண்டும், அம்மாவுக்கு அது சிரமம் என்றால் வெளியில் இருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். அந்த வெளியைச் சுற்றி நடப்பதற்குப் படியே கிடையாது. காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் உங்களைத் தவிர ஆடு மேய்ப்பவர்கள் மட்டும் இருப்பார்கள். மே மாதத் திருவிழா சமயத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், அப்போது கால் வைக்க இடம் இருக்காது.

இரண்டாவது, தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். 1963 முதல் இருக்கிறது. உள்ளே நடைபாதை இதமானது, நிழல் உண்டு. அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும், அதனால் வார நாளில் போவது நல்லது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: நாகலூர்ப் பக்கமும் மஞ்சக்குட்டைப் பக்கமும் போகிற ஊர்ச்சாலைகள். தார் போட்ட சாலைதான், ஆனால் வார நாள் காலையில் வண்டி குறைவு. இரண்டு பக்கமும் காப்பி, அதற்கு நிழலாக சில்வர் ஓக், ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, நடுநடுவே பலா. ஓர் இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். பாதை பேர் எல்லாம் தேவையில்லை.

அஸ்தம்பட்டி பிசியோ

நாகலூர்க்காரர் இடத்தைச் சொல்லிவிட்டார். நான் முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன், என் தொழில் அது.

ஏறும்போது மூச்சு வாங்கும், அதனால் ஏற்றம்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேய்மானம் உள்ள முழங்காலுக்கு இறக்கம்தான் கடினம். இறங்கும்போது உடம்பின் எடையை முழங்கால் பிரேக் போட்டுத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது "திரும்பி வரும் வழி எப்படி?" என்று கேளுங்கள். போகும்போது லேசான ஏற்றமும் வரும்போது இறக்கமுமாக இருந்தால், களைத்துப்போன கால் இறக்கத்தைச் சமாளிக்க வேண்டிவரும். முடிந்தால் தொடக்கத்தில் இறங்கி, முடிவில் ஏறுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இருந்தால் ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனைக்கு வரச் சொல்லலாம், அது இன்னும் நல்லது.

ஊன்றுகோல் கட்டாயம். ஒரு கோல் என்றால், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பாரம் குறையாது. இரண்டு கோல் இருந்தால் இறக்கத்தில் மிகவும் உதவும்.

மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்தால் முழங்கால் இறுகிவிடும். மேலே குளிர் வேறு. இறங்கியதும் நடக்க ஆரம்பிக்காதீர்கள். பத்து நிமிடம் நின்று, காலை மடக்கி நீட்டி, ஒரு டீ குடித்துவிட்டுத் தொடங்குங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். நனைந்த செம்மண்ணில் அது வழுக்கும். பின்பக்கம் பட்டை வைத்த, அடியில் பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போடச் சொல்லுங்கள்.

வலி வந்த பிறகு திரும்பாதீர்கள். வலி வருமுன் திரும்புங்கள்.

செம்மீசைச் சின்னான்

பிசியோ அம்மா சொன்ன கடைசி வரியை ஒட்டி ஒன்று. நடை மெதுவாக இருப்பதால் எதையும் இழக்கப் போவதில்லை. உண்மையில் இந்த மலையைப் பார்க்கச் சரியான வேகமே அதுதான். நான் பறவை பார்க்கிறவன். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போனாலே எனக்கு வேகம் அதிகம்.

காப்பித் தோட்ட ஓரத்தில் காலையில் நின்றாலே செம்மீசைச் சின்னான்கள் கூட்டமாக வரும். தலையில் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, எந்தக் கண்ணுக்கும் தெரியும், பைனாகுலர் தேவையில்லை. ஓடை தாண்டும் சிறு பாலங்களில் நில்லுங்கள். யாரோ ஒருவர் சாவகாசமாகச் சீட்டியடிக்கிற மாதிரி சத்தம் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. ஆளைத் தேடாதீர்கள், பெரும்பாலும் தெரியாது, பாட்டை மட்டும் கேளுங்கள். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி வந்திருக்கும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் கூப்பிடும்.

மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பி பூக்கும். செடி முழுக்க வெள்ளை, மல்லிகை போல வாசனை. சில நாளில் முடிந்துவிடும். அம்மாவைக் கூட்டிவர அதைவிட நல்ல சமயம் எனக்குத் தெரியவில்லை. கீழே மழை பெய்ததா என்று பார்க்காதீர்கள், மேலே யாரையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்ணங்குறிச்சி என்கிறீர்கள். மூக்கனேரி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறதே! சேர்வராயன் மலையில் பெய்கிற மழைதான் ஓடைகளாக இறங்கி அந்த ஏரிக்கு வருகிறது. தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள், இப்போது நீர்க்காகமும் கொக்கும் அங்கேதான் அடைகின்றன. தினம் சாயங்காலம் அம்மாவை ஏரிக்கரையில் கொஞ்சம் நடக்க வையுங்கள். ஒரு மாதம் அப்படிப் பழகிவிட்டு மலைக்கு வந்தால் வித்தியாசம் தெரியும்.

மலைச்சாலை மணி

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்.

கிளியூர் அருவியை யாராவது "பக்கத்தில்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏரியில் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே அருவியாக விழுகிறது. தூரம் குறைவு என்பது உண்மை. ஆனால் செங்குத்தாக இறங்க வேண்டும், ஈரமாக இருந்தால் வழுக்கும், போன அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது இடமே இல்லை.

அப்புறம், எஸ்டேட் பாதை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. அது தனியார் நிலம். திறந்த கேட்டைப் பார்த்ததும் உள்ளே நுழைகிறார்கள். நான் இந்தச் சாலையில் வாடகை வண்டி ஓட்டுகிறேன், வாரம் ஒரு தகராறாவது காதில் விழுகிறது. வயதானவர்களோடு வருபவர்கள் பக்கோடா பாயிண்ட், லேடீஸ் சீட், ரோஜாத் தோட்டம் என்று பார்த்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

நாகலூர்க்காரன்

மணி அண்ணா, நான் சொன்னது ஊர்ச்சாலைகளை. அவை பஞ்சாயத்துச் சாலைகள், பஸ் போகிற சாலைகள். எஸ்டேட்டுக்குள் போவதென்றால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேனையோ ரைட்டரையோ கேட்காமல் போகக் கூடாது. இதில் உங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை.

ஆனால் பாயிண்ட் பாயிண்டாகப் போய் இறங்கி ஏறுவதே வயதானவர்களுக்குப் போதும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கோடா பாயிண்டில் கிழக்குப் பக்கம் பார்க்கலாம், அழகுதான். ஞாயிற்றுக்கிழமை போனால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் நின்று பார்ப்பதுமாக ஒரு நாள் போனால் முழங்காலுக்கு அதுவே நோவு, மனசுக்கும் எதுவும் மிஞ்சாது. இந்த மலையின் நல்ல பகுதி இரண்டு பாயிண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. அதை வண்டி ஜன்னல் வழியாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த அம்மா கோடியக்கரையில் சந்தோஷப்பட்டது ஏதோ ஒரு பாயிண்டைப் பார்த்ததாலா? தன் காலால் ஒரு காட்டைக் கடந்ததால் அல்லவா?

காப்பித்தோட்டம்

எங்களுக்கு இங்கே சின்னத் தோட்டம் ஒன்று இருக்கிறது, அப்பா காலத்தில் இருந்து. மணி சொல்வதும் நாகலூர்க்காரர் சொல்வதும் இரண்டுமே எனக்குப் புரிகிறது.

கேட்டு வந்தவரை நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. வயதான ஒருவர் கோலூன்றிக்கொண்டு வந்து "கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாமா" என்றால் யாருக்கு மறுக்க மனசு வரும்? கேட்காமல் வருகிறவர்களால்தான் தொல்லை. நவம்பரில் இருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. செடிக்கு நடுவே பெண்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், களத்தில் பழம் காயும். அதை மிதித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மருந்து அடித்த அன்றைக்கு உள்ளே வந்து இலையைத் தொட்டால் யார் பொறுப்பு? அதனால்தான் கேட்கச் சொல்கிறோம். மிளகுக் கொத்தைப் பறித்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போடுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஒவ்வொருவரும் ஒரு கொத்து என்றால் சாலையோரக் கொடியில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது முக்கியம். விடியற்காலையிலும் மாலை ஐந்தரைக்கு மேலும் தோட்டத்துக்குள் காட்டு மாடுகள் நிற்கின்றன. முன்பு அடிக்கடி வராது. இப்போது எங்கள் ஆட்களே வெயில் ஏறின பிறகுதான் உள்ளே இறங்குகிறார்கள்.

கண்ணங்குறிச்சி மாலதி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. காட்டு மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். அம்மாவால் ஓட முடியாது. எதிரில் வந்தால் என்ன செய்வது?

நாகலூர்க்காரன்

அக்கா, ஓட முடிந்தவரும் ஓடக் கூடாது. பெரிய காளை ஒரு டன் வரை எடை இருக்கும், ஆனாலும் ஓட்டத்தில் நம்மை விட்டுவைக்காது. அது இயல்பில் ஒதுங்கிப் போகிற மிருகம்தான். தாக்குவது பெரும்பாலும் திடுக்கிட்டால், நெருங்கினால், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போனால், அல்லது அது தப்பிக்கும் வழியை நாம் அடைத்து நின்றால்.

நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். வளைவில் திரும்பும்போது பேசிக்கொண்டு போக வேண்டும், நாம் வருவது அதற்குக் கேட்க வேண்டும். கண்ணில் பட்டால் அங்கேயே நிற்க வேண்டும். அது நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், தலையைத் தாழ்த்தினால், முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெல்லப் பின்னால் நகர வேண்டும். கூட்டமாக மேய்வதைவிடத் தனியாக நிற்கும் காளையிடம்தான் அதிகக் கவனம் தேவை. செல்போனை நீட்டிக்கொண்டு இன்னும் நாலடி முன்னால் போவதால்தான் பாதி விபத்து.

அம்மாவோடு வருவதென்றால் காலை எட்டு, எட்டரைக்குமேல் ஊர்ச்சாலையில் நடங்கள். பால் வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஆள் நடமாட்டம் இருக்கும், மாடுகள் உள்ளே போயிருக்கும். கோயில் மேடு திறந்த வெளி, தூரத்திலேயே எல்லாம் தெரியும், அதனால் அங்கே மட்டும் சற்று முன்னதாகப் போகலாம். மூடுபனி இருந்தால் வேண்டாம், காத்திருங்கள்.

குரங்குக்கும் ஒரு வரி: கையில் பிளாஸ்டிக் பை தெரியக் கூடாது. சாப்பாட்டைத் தோள்பைக்குள் வையுங்கள்.

கோரிமேடு குமரன்

இந்த இழையை ஆரம்பத்தில் இருந்து படித்தேன். ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இனி எந்தப் பாதையின் பேரையும் இங்கே எழுதாதீர்கள்.

நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனால் யார் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரு இடம் இணையத்தில் வந்தால் அடுத்த சனிக்கிழமை அங்கே நாற்பது பைக் நிற்கிறது. 2019 ஜனவரியில் இருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அடிவாரத்தில் சோதனையும் நடக்கிறது, ஆனாலும் மேலே கப்பும் கவரும் கிடக்கின்றன. அதைவிட மோசம் உடைந்த மதுப்பாட்டில்கள். நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை சாக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குகிறோம். எவ்வளவு பொறுக்கினாலும் புல்லுக்குள் போன கண்ணாடிச் சில்லு கைக்கு வராது. அது மாட்டுக் காலில்தான் ஏறும். வெறுங்காலோடு விறகு எடுக்கப் போகிற அம்மாக்கள் காலிலும் ஏறும்.

சேர்வராயன் மேட்டுப் பக்கம் ஏற்கெனவே ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டி எடுத்த மலை இது. வெட்டின இடத்தில் மண் திரும்ப மண்ணாக எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்க்கிறோம். இந்த மலையில் மட்டும் இருக்கிற செடி உண்டு, இந்த மலையின் பேரையே அறிவியல் பேராக வைத்த செடி உண்டு. குறிஞ்சியும் உண்டு. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூக்கிற செடியை ஒரே நாளில் மிதித்துவிடலாம். நமக்குத் தெரிந்த இடம் நம்மோடு இருக்கட்டும்.

செம்மீசைச் சின்னான்

குமரன், உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. கூடு இருக்கும் இடத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. சோலைத்துண்டுகள், ஓடை ஊற்றுகள், குறிஞ்சி இருக்கும் சரிவுகள், இவற்றை எழுதக் கூடாது என்பதில் முழு சம்மதம்.

ஆனால் ஊர்ச்சாலையையும் கோயில் மேட்டையும் மறைத்து என்ன ஆகும்? அவை எல்லா வரைபடத்திலும் இருக்கின்றன. பைக்கில் வருகிறவர்களுக்கு அவை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது மாலதியின் அம்மா போன்றவர்களுக்குத்தான். நாம் மறைத்தால் மறைவது அவர்களிடம் இருந்து மட்டுமே.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். காலையில் நாலு பெரியவர்கள் நடக்கிற பாதையில் உட்கார்ந்து குடிக்க ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆள் போகாத பாதைதான் பாட்டில் போடுகிற இடமாகிறது.

கோரிமேடு குமரன்

நாலு பெரியவர்கள் நடந்தால் நல்லது. நாலு பெரியவர்களோடு அது நிற்குமா என்பதுதான் என் கேள்வி. ஊர்ச்சாலை வரை சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் என் வேண்டுகோளில் மாற்றம் இல்லை.

மலைமகள்

நான் மேலே பிறந்தவள், இந்த மலையின் மலையாளி பழங்குடிச் சமூகம். இப்போது வேலைக்காகச் சேலத்தில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பாதை என்கிறீர்கள், எங்களுக்கு அது வாசல். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகிற வழி.

நடக்க வாருங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. வழியில் எங்கள் பாட்டி உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள், சாமை வெளைஞ்சுதா என்று கேளுங்கள், அரை மணி நேரம் விடமாட்டார். ஆனால் கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கோயில் மேட்டைச் சுற்றுலா இடமாக எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. எங்களுக்கு அது சாமி இருக்கிற இடம். குகைக்குக் கிட்டே போகும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள், சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள். மே மாதத் திருவிழாவைத் தவிர்க்கச் சொன்னது கூட்டத்துக்காக என்று புரிகிறது. கூட்டத்தைத் தாங்க முடிந்தவர்கள் அப்போது வரலாம், மலையில் இருக்கிற எல்லா ஊரும் அன்றைக்கு அங்கே இருக்கும்.

கழிப்பறை பற்றி மாலதி அக்கா கேட்டிருந்தார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆண்களுக்கு அது தோன்றாது. ஏரிப்பக்கம் கட்டணக் கழிப்பறை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஊர்ச்சாலைகளில் எதுவும் கிடையாது. ஏரியில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள், நடையை ஒன்றரை மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டு ஏரிப்பக்கமே திரும்புங்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாம் என்று வயதான பெண்கள் நினைப்பார்கள், அதற்கு விடாதீர்கள்.

அஸ்தம்பட்டி பிசியோ

மலைமகள் சொன்ன தண்ணீர் விஷயத்தை அப்படியே பின்பற்றுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தேவை இருக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உட்கார்ந்து எழும்போது தலை சுற்றும்.

ஆத்தூர் வாசகன்

காட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். வனத்துறை 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று தொடங்கியது, 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், சேலம் மாவட்டமும் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், அதைவிட ஆபத்து. 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் மாட்டியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை தீக்காலம், அப்போது பாதைகளை மூடிவிடுவார்கள். ஒன்று மட்டும்: அவர்கள் "எளிது" என்று சொல்வது ஆரோக்கியமான காலுக்கு. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் ஊர்ச்சாலையில் பழகுங்கள்.

கண்ணங்குறிச்சி மாலதி

போன வாரம் போய்வந்தோம். சுருக்கமாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

செவ்வாய்க்கிழமை தேர்ந்தெடுத்தோம், கூட்டமே இல்லை. கோயில் மேட்டில் பனி விலகும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அம்மா இரண்டு கோலோடு அந்த வெளியைச் சுற்றினார், நடுவில் பாறையில் இரண்டு முறை உட்கார்ந்தார். காற்று பலமாக இருந்தது, காதை மூடத் துண்டு கட்டாயம் எடுத்துப் போங்கள். ஏரிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நாகலூர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தோம். தொடக்கத்தில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம், பிசியோ அம்மா சொன்னபடி. அம்மாவுக்கு அதில்தான் வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் வலி இருந்தது, ஆனால் வழக்கமான அளவுதான்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: முன்பக்கம் உட்காருங்கள், வளைவில் குமட்டல் குறைவு.

சூரமங்கலம் ரவி

இந்த இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். என் அண்ணனுக்கு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். அவருக்கு இதில் ஏதாவது பொருந்துமா? மரம், மட்டை, குளிர்ந்த காற்று, அவ்வளவுதான் அவர் கேட்கிறார்.

நாகலூர்க்காரன்

பொருந்தும் ரவி. கோயில் மேட்டில் தரை கரடுமுரடு, சரளை உண்டு, அங்கே வேண்டாம். ஊர்ச்சாலை தார் போட்டது, சமமான துண்டுகள் இருக்கின்றன. நான் பைக்கில் போய் எந்தத் துண்டு முழுக்கச் சமம், எங்கே வண்டி ஓரங்கட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். வார நாள் காலை பத்து மணி சரியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி பிசியோ

ரவி, மலைக்குப் போகுமுன் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் ஒருமுறை முயன்று பாருங்கள். பாதை அகலம், மரநிழல் உண்டு, ஏதாவது சிரமம் என்றால் உடனே வீட்டுக்குத் திரும்பலாம்.

மலையில் தள்ளும்போது மூன்று விஷயம். லேசான இறக்கத்தில்கூட நாற்காலியை முன்பக்கமாக விடாதீர்கள். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, அவர் முதுகு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி, பின்னோக்கி மெல்ல இறக்குங்கள். சரளை வந்தால் முன்சக்கரம் சிக்கும், அப்போதும் திருப்பிப் பின்னோக்கி இழுத்தால் பெரிய சக்கரம் ஏறிவிடும். பிரேக் இரண்டும் சரியாகப் பிடிக்கிறதா என்று வீட்டிலேயே சரிவில் வைத்துப் பார்த்துவிடுங்கள். காலில் உணர்ச்சி குறைவு என்றால் குளிர் தெரியாது, கம்பளிக் காலுறை போட்டுவிடுங்கள். தள்ள இரண்டு பேர் வேண்டும், மாற்றி மாற்றி.

சூரமங்கலம் ரவி

நன்றி. தள்ள நானும் என் மச்சானும் இருக்கிறோம். நாகலூர் அண்ணா, இடம் பார்த்ததும் சொல்லுங்கள், காப்பி பூக்கிற சமயம் கிடைத்தால் அதையே வைத்துக்கொள்கிறோம்.

காப்பித்தோட்டம்

ரவி, மழை பெய்ததும் இங்கேயே எழுதுகிறேன். எங்கள் கேட்டில் இருந்து களம் வரை கான்கிரீட் போட்ட பாதை, சரிவு இல்லை. வரும் அன்றைக்கு முந்தின நாள் சொல்லிவிடுங்கள், கேட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.